சின்னப் பாம்பு என்றால் வளர்ப்பது எளிதா?

ரிங்நெக் பாம்பைப் பற்றி அமெரிக்காவிலும் கனடாவிலும் பரவலாக இருக்கும் நம்பிக்கை இது: சின்னது, சாது, விஷமில்லாதது, ஆகவே வீட்டில் வளர்க்க ஏற்றது. சின்னது என்பது உண்மை. பென்சில் தடிமன், பெரும்பாலும் 25 முதல் 38 செ.மீ. நீளம். கழுத்தில் மஞ்சள் வளையம் கொண்ட இதைப் பெரிய பாம்பின் குட்டி என்று நினைப்பவர்களும் உண்டு. முழு வளர்ச்சியே இவ்வளவுதான். சாது என்பதும் உண்மை. மனிதரைக் கடிப்பது மிக அரிது. விஷமில்லாதது என்பது மட்டும் சரியல்ல. மேல்தாடையின் பின்புறப் பற்கள் சற்றே பெரியவை. இரையை அடக்கும் வீரியம் குறைந்த விஷம் எச்சிலில் இருக்கிறது. நமக்கு அதனால் ஆபத்தில்லை.

ஆனால் நமக்கு ஆபத்தில்லை என்பதும் அதற்கு நம்மிடம் ஆபத்தில்லை என்பதும் வேறு வேறு. சாலமாண்டர், மண்புழு, ஓடில்லா நத்தைகள், சிறு பல்லிகள்தான் இதன் உணவு. இரையை வாசனையால் அறியும் இந்தப் பாம்பு, கடையில் விற்கும் எலிக்குஞ்சை இரையாகவே எண்ணுவதில்லை. எண்ணினாலும் அந்தச் சிறு வாய்க்கு அது பெரிது. பிடிபட்ட பல பாம்புகள் எதையும் தின்ன மறுத்து மெலிந்து சாகின்றன. தோல் வழியாக ஈரம் வேகமாக வெளியேறும் உடல் வேறு. அதனால்தான் பகலெல்லாம் ஈரமான மரப்பட்டைக்கும் கல்லுக்கும் அடியில் ஒளிந்திருக்கிறது. விளக்குச் சூட்டில் காயும் கண்ணாடித் தொட்டி அந்த மறைவிடத்துக்கு ஈடாகாது. சோளப் பாம்பு நன்றாக வளர்கிறதே என்று கேட்கலாம். அது எலி தின்னும் பாம்பு. தலைமுறை தலைமுறையாக மனிதரிடமே பெருகி வருவது. ரிங்நெக் அப்படியல்ல, வளர்ப்புக்கு வருபவை அநேகமாகக் காட்டிலிருந்து பிடிக்கப்பட்டவை.

காட்டில்தான் ஏராளமாக இருக்கிறதே, ஒன்றிரண்டு எடுத்தால் என்ன என்பது அடுத்த வாதம். அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் ஆய்வாளர் ஹென்றி ஃபிட்ச் நடத்தி 1975இல் வெளியிட்ட ஆய்வு, ஹெக்டேருக்கு 700 முதல் 1,800 வரை இருக்கலாம் என்று மதிப்பிட்டது உண்மைதான். ஆனால் எல்லா இடமும் கன்சாஸ் அல்ல. ஃப்ளோரிடா கீஸ் தீவுகளில் மட்டும் வாழும் கிளையினம் அழியும் ஆபத்தில் இருப்பதாக அந்த மாநிலமே பட்டியலிட்டிருக்கிறது. எண்ணிக்கை எவ்வளவு இருந்தாலும், தொட்டியில் பட்டினி கிடக்கும் பாம்புக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. காட்டில் விட்டால் எதிரிகள் தின்றுவிடும் என்ற இரக்கமும் பொருந்தாது. அங்கே 10 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தவை பதிவாகியிருக்கின்றன. அமெரிக்காவிலும் கனடாவிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் இந்தப் பாம்பைக் கண்டால் ஆசைதீரப் பார்க்கட்டும்; பெட்டியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவர மட்டும் விடாதீர்கள்.