பழைய உருவில் ஓர் இரட்டைச் சிலிண்டர்

(இளம் அறிவியல் இயற்பியல், இரண்டாம் ஆண்டு)

மோட்டார் சைக்கிள் என்றால் நம் மாணவரிடையே பேச்சு விலை, வேகம், நிறம் என்ற மூன்றோடு முடிந்துவிடுகிறது. முதலாண்டில் நாம் படித்த இயங்கியல் முழுவதும் அதன் எஞ்சினுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதை எண்ணிப் பார்ப்பவர் சிலரே. 2018 நவம்பரில் இந்தியாவில் விற்பனைக்கு வந்த ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650 என்னும் வண்டியிடம் ஆர்வலர்கள் என்னென்ன எதிர்பார்த்தனர், அவற்றுள் எவற்றுக்கு இயற்பியல் இடம் கொடுத்தது என்பதை இங்குக் காண்போம்.

காஞ்சிபுரத்தில் இருந்துகொண்டு இதை எழுதக் காரணம் உண்டு. அந்நிறுவனத்தின் ஆலைகள் நம் மாவட்டத்திலேயே, ஒரகடத்தில் 2013இலும் வல்லம் வடகாலில் 2017இலும் தொடங்கப்பட்டன. விடியற்காலையில் வாலாஜாபாத் சாலையில் ஆலைப் பேருந்துகளுக்காக நிற்கும் இளைஞர்களில் தறிவீட்டுப் பிள்ளைகளும் உண்டு என்பது ஊரறிந்தது. எங்கள் வீட்டில் தறியை விட்டுக் கல்லூரிக்கு வந்தவன் நான்தான் முதல்வன். என் வயதொத்த உறவினர் பலர் அந்தப் பேருந்தில் ஏறியவர்கள். அவர்கள் பூட்டும் எந்திரம் ஏன் அப்படி அமைந்தது என்பதை நாமாவது அறிந்துகொள்ள வேண்டாமா?

முதலில் சிறிது வரலாறு. இங்கிலாந்தில் ரெடிச் நகரத்து என்ஃபீல்டு நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து 1955இல் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் புல்லட் உருவாயிற்று. தாய் நிறுவனம் 1960களில் 736 சிசி கொள்ளளவுள்ள இன்டர்செப்டர் என்ற இரட்டைச் சிலிண்டர் வண்டியைப் பெரும்பாலும் அமெரிக்காவை எண்ணிச் செய்தது. 1970இல் அங்கு உற்பத்தி நின்றது. பிள்ளை நிறுவனமோ ஒற்றைச் சிலிண்டர் புல்லட்டோடு உயிர் பிழைத்தது! நம் நாட்டில் இரட்டைச் சிலிண்டர் என்றால் 1983 முதல் சில ஆண்டுகள் விற்பனையான ராஜ்தூத் 350ஐத்தான் பலர் நினைவுகூர்வர். அது இரண்டு வீச்சு எஞ்சின். பெட்ரோலைத் தாராளமாகக் குடித்தது.

எனவே, 2017 நவம்பரில் இத்தாலியின் மிலான் கண்காட்சியில் புதிய 650 காட்டப்பட்டபோது ஆர்வலர் உள்ளத்தில் பல ஆண்டு ஆசை ஒன்றாய்த் திரண்டு நின்றது. தொட்டியும் கம்பிச் சக்கரமும் இருபுறக் குழலும் 1960களின் சாயலில் இருக்க வேண்டும். நெடுஞ்சாலையில் கை மரத்துப் போகாமல் ஓட வேண்டும். ஓசை மட்டும் தையல் எந்திரம் போலாகிவிடக் கூடாது. விலையும் எட்ட வேண்டும். உருவமும் விலையும் ஆலையின் கையில் உள்ளவை. (விலை ரூ.2.50 லட்சத்தில் தொடங்கியது. அந்த அளவு எஞ்சினுள்ள பிற வண்டிகள் பெரும்பாலும் அதைவிட மிகுந்த விலைக்கு விற்ற காலம் அது. இருந்தாலும் நம்மில் பலருக்கு எட்டாத விலைதான்.) நடுவிலுள்ள இரண்டும் ஒன்றோடொன்று மோதுகின்றன. அதிர்வு குறைய வேண்டும், ஆனால் துடிப்பு வேண்டும் என்றால் பொறியாளர் என்ன செய்வார்?

முதலில் வேகத்தைப் பார்ப்போம். பழைய 350 புல்லட்டின் சிலிண்டர் விட்டம் 70 மி.மீ., வீச்சு 90 மி.மீ.; கணக்கிட்டால் 346 சிசி. புதியதில் விட்டம் 78, வீச்சு 67.8, ஒன்றுக்கு 324 வீதம் இரண்டுக்கும் 648 சிசி. பிஸ்டன் ஒரு சுற்றில் வீச்சைப் போல் இரு மடங்கு தொலைவு செல்கிறது. 346 சிசி எஞ்சினின் பிந்தைய வடிவம் உச்சத் திறன் காட்டியது நிமிடத்துக்கு 5,250 சுற்றில்; அப்போது பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 15.75 மீட்டர். இரட்டைச் சிலிண்டர் 7,250 சுற்றில் 47 குதிரைத்திறன் தருகிறது. அங்கு அவ்வேகம் 16.4 மீட்டர். இரண்டாயிரம் சுற்று கூடியும் பிஸ்டனின் வேகம் ஏறக்குறைய மாறவில்லை. பழைய வீச்சை வைத்துக்கொண்டு 7,250 சுற்றுக்குப் போனால் 21.75 மீட்டர் ஆகிவிடும். ஒரே பெரிய சிலிண்டரைப் பிளந்து இரண்டாக்குவதன் பயன் இதுதான்.

அடுத்தது அதிர்வு. இரண்டு பிஸ்டன்களையும் கிராங்க் தண்டில் எந்தக் கோணத்தில் மாட்டுவது? பழைய ஆங்கில இரட்டைச் சிலிண்டர்கள் பெரும்பாலும் 360 பாகை முறை. இரண்டும் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும். வெடிப்பு சீராக விழும். ஆனால் மேலும் கீழும் உதறும் விசை ஒற்றைப் பிஸ்டனைப் போல் இரு மடங்கு. 180 பாகையில் கிணற்று ராட்டினத்தின் இரு வாளிகள் போல் ஒன்று ஏற ஒன்று இறங்கும். முதன்மை விசைகள் ஒன்றையொன்று ஈடுசெய்யும், ஆனால் எஞ்சின் பக்கவாட்டில் ஆடப் பார்க்கும்.

இன்டர்செப்டரில் வைத்தது 270 பாகை. 1995இல் யமஹாவின் டிஆர்எக்ஸ் 850 வண்டியில் வந்து பரவிய முறை இது. ஒரு பிஸ்டன் ஊஞ்சல் உச்சியில் நிற்பது போல் ஒரு கணம் நிற்கையில், மற்றது நடுவழியில் ஏறக்குறைய முழு வேகத்தில் இருக்கும். ஒன்றின் வேகம் சைன் கோணத்தையும் மற்றதன் வேகம் கோசைன் கோணத்தையும் பின்பற்றுவதாகக் கொண்டால், இயக்க ஆற்றல்களின் கூட்டுத்தொகை சைன் வர்க்கம் கூட்டல் கோசைன் வர்க்கம், அதாவது ஒன்று! பள்ளியில் நாம் மனப்பாடம் செய்த அந்தச் சமன்பாடு இங்கே எஞ்சினைச் சீராகச் சுழல வைக்கிறது. ஒன்று நிற்கக் கொடுக்கும் ஆற்றலை மற்றது ஓட எடுத்துக்கொள்கிறது.

இன்னொரு நன்மையும் உண்டு. இணைப்புத் தண்டின் நீளம் முடிவுள்ளதாகையால் பிஸ்டனின் இயக்கம் தூய தனிச்சீரிசை இயக்கம் அன்று. இரு மடங்கு அதிர்வெண்ணில் ஒரு சிறு உதறலும் கலந்திருக்கும். தொண்ணூறு பாகை இடைவெளி இரு மடங்காகும்போது நூற்றெண்பது ஆகிறது; எனவே அவ்வுதறல்கள் எதிரெதிராகி அழிகின்றன. முதன்மை விசை மட்டும் ஒற்றைப் பிஸ்டனுக்கு உள்ளதைப் போல் 1.41 மடங்கு மிஞ்சும். அதை எதிர்த்திசையில் சுழலும் சமன்தண்டு பெரும்பாலும் விழுங்கிக்கொள்கிறது.

இனி ஓசைக்கு வருவோம். நிமிடத்துக்கு 3,000 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 20 மில்லி நொடி. ஒற்றைச் சிலிண்டர் நாற்பது மில்லி நொடிக்கு ஒருமுறை வெடிக்கும். 360 பாகை இரட்டை, இருபதுக்கு ஒன்றாகச் சீராக வெடிக்கும். 270 பாகையில் முதல் வெடிப்புக்கும் அடுத்ததற்கும் 15, பிறகு 25, மறுபடி 15. இந்த ஏற்றத்தாழ்வைத்தான் காது ‘துடிப்பு’ என்கிறது. அதிர்வைக் குறைக்க உதவிய கோணமே ஓசைக்கும் உயிர் கொடுத்துவிட்டது. ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும்: இது 1960களின் இன்டர்செப்டர் ஓசையும் அன்று, புல்லட்டின் ‘டப் டப்’பும் அன்று. பழைமை காக்கப்பட்டதாக மகிழ்ந்தவர்கள் கேட்டது புதிய ஓசையையே. அந்த வண்டிக்கு 2019ஆம் ஆண்டின் சிறந்த இந்திய மோட்டார் சைக்கிள் என்ற விருதும் கிடைத்தது.

நம் ஊரில் இது வியப்பன்று. கடைக்கு வருவோர் பாட்டி காலத்துக் கோபுரக் கரையும் மயில்கண்ணும் கேட்கின்றனர். ஆனால் பாட்டி கட்டிய புடவையின் கனத்தைக் கேட்பதில்லை. கரை பழையதாகவும் சேலை இலேசாகவும் இருக்க வேண்டும். அதற்கேற்ப நூலையும் ஜரிகையையும் மாற்றிக் கணக்கிடுபவர் நெசவாளரே. அந்தக் கணக்கு வாங்குபவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. புல்லட் தொட்டியின் பொன்னிறக் கோட்டைத் தூரிகை பிடித்துக் கையாலேயே இழுத்து வந்த வழக்கத்தை ஆர்வலர் பெருமையாகச் சொல்வர். கோட்டைக் கண்டவர் கோணத்தைக் காணவில்லையே என்பதுதான் என் குறை.

2025 நவம்பரில் மிலானில் புல்லட் 650 காட்டப்பட்டது. இரண்டு சிலிண்டர் உள்ளது எப்படிப் புல்லட் ஆகும் என்று ஒரு சாரார் கேட்கின்றனர். பெயரும் தொட்டியும் போதாதா என்பர் மறுசாரார். ஆயிரம் சுற்றில் வண்டி நின்றபடி ஓடும்போது பழைய புல்லட்டின் இரு வெடிப்புகளுக்கு இடையே 120 மில்லி நொடி. 270 பாகை இரட்டைச் சிலிண்டரில் 45, 75. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலே இரண்டையும் பிரித்தறியலாம். ஆய்வகத்து அலைவு காட்டியில் ஓர் ஒலிவாங்கியை இணைத்து இரு வண்டிகளின் ஓசையையும் பதிய நம் துறையில் இடம் கிடைத்தால், அடுத்த ஆண்டு மலரில் அந்த வரைபடத்தையே தருகிறேன்.