வினைக்கட்டுப்பாட்டுக் காரணியைக் கண்டறியும் முறை

ஒரு வேதிவினையில் எந்த வினைபடுபொருள் முதலில் முற்றிலும் தீர்கிறதோ, அதுவே வினைக்கட்டுப்பாட்டுக் காரணி. அது தீர்ந்ததும் வினை நின்றுவிடும். கிடைக்கும் விளைபொருளின் அளவும் அதைப் பொறுத்ததே. மற்றது மிகையாக எஞ்சும்.

நைட்ரிக் அமிலம் தயாரிக்கும் ஆஸ்வால்டு முறையின் முதல் கட்டத்தில், பிளாட்டினம் வினையூக்கியின் மீது அம்மோனியா ஆக்சிஜனுடன் வினைபுரிகிறது. 408 கிராம் அம்மோனியாவும் 800 கிராம் ஆக்சிஜனும் எடுக்கப்பட்டால், முதலில் தீர்வது எது?

படி 1: சமன்பாட்டைச் சமன் செய்க.
4 அம்மோனியா + 5 ஆக்சிஜன் → 4 நைட்ரிக் ஆக்சைடு + 6 நீர்
இதைச் சமன் செய்யாமல் மேலே சென்றால் பின்வரும் கணக்கு முழுதும் பிழையாகும்.

படி 2: கிராமை மோலாக மாற்றுக. நிறையை மோலார் நிறையால் வகுக்க வேண்டும்.
அம்மோனியா: 408 ÷ 17 = 24 மோல்
ஆக்சிஜன்: 800 ÷ 32 = 25 மோல்

படி 3: ஒவ்வொரு மோல் எண்ணிக்கையையும் அதன் குணகத்தால் வகுக்க.
அம்மோனியா: 24 ÷ 4 = 6
ஆக்சிஜன்: 25 ÷ 5 = 5

படி 4: சிறிய ஈவைத் தேர்க. இங்கு ஆக்சிஜனே வினைக்கட்டுப்பாட்டுக் காரணி. நிறையிலும் மோலிலும் அதுவே அதிகம். ஆனாலும் அதுவே முதலில் தீர்கிறது. மாணவர்கள் பெரிதும் தவறுவது இந்த இடத்தில்தான். மோல்களை நேரடியாக ஒப்பிடாமல், குணகத்தால் வகுத்த பின்னரே ஒப்பிட வேண்டும்.

படி 5: விளைபொருளைக் கணக்கிடுக. சிறிய ஈவான 5-ஐ ஒவ்வொரு குணகத்தாலும் பெருக்கினால் போதும்.
நைட்ரிக் ஆக்சைடு: 5 × 4 = 20 மோல், அதாவது 600 கிராம்
நீர்: 5 × 6 = 30 மோல், அதாவது 540 கிராம்

படி 6: எஞ்சியதைக் காண்க. வினையில் செலவாகும் அம்மோனியா 5 × 4 = 20 மோல். எஞ்சுவது 4 மோல், அதாவது 68 கிராம்.

படி 7: விடையைச் சரிபார்க்க. தொடக்க நிறை 408 + 800 = 1,208 கிராம். இறுதி நிறை 600 + 540 + 68 = 1,208 கிராம். நிறை மாறா விதிப்படி இரண்டும் ஒத்திருப்பதால் கணக்கு சரி.

இரண்டு ஈவுகளும் சமமாக இருந்தால் எதுவும் மிஞ்சாது. இரண்டு பொருள்களும் ஒருசேரத் தீரும். மூன்று வினைபடுபொருள்கள் இருந்தாலும் முறை இதுவே: மிகச் சிறிய ஈவுக்கு உரியதே வினைக்கட்டுப்பாட்டுக் காரணி.

தொழிற்சாலைகளில் இந்தக் கணக்கு செலவோடு தொடர்புடையது. அம்மோனியா விலை மிக்கது. ஆக்சிஜனோ காற்றிலிருந்தே கிடைக்கிறது. ஆகவே அங்கு காற்றை மிகையாகச் செலுத்தி, அம்மோனியாவையே வினைக்கட்டுப்பாட்டுக் காரணியாக அமைக்கின்றனர்.