இரண்டு வாரம் பொறுங்கள்

தம்பி தங்கைகளே, உங்களில் பலர் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் தேவார வகுப்பு எடுக்கிறீர்கள், டியூஷனும் சொல்லிக் கொடுக்கிறீர்கள். அந்தப் பிள்ளைகளுக்கு நீங்களும் டீச்சர்தான்.

1964-65இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், உளவியலாளர் ராபர்ட் ரோசந்தாலும் ஒரு தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியை லெனோர் ஜேக்கப்சனும் ஒரு சோதனை செய்தார்கள். பிள்ளைகளுக்குத் தேர்வு வைத்துவிட்டு, ஐந்தில் ஒரு பங்குப் பேரின் பெயரை ஆசிரியர்களிடம் கொடுத்து, 'இவர்கள் இந்த வருஷம் நன்றாக முன்னேறுவார்கள்' என்றார்கள். உண்மையில் அது குலுக்கிப்போட்டு எடுத்த பட்டியல். வருஷக் கடைசியில் பார்த்தால், ஒன்றாம், இரண்டாம் வகுப்பில் அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிடக் கூடுதலாகவே ஏறியிருந்தார்கள். மேல் வகுப்புகளில் அவ்வளவு வித்தியாசம் இல்லை. 1968இல் இது புத்தகமாக வந்ததும் அறிஞர்கள் பலர் கணக்கில் குறை கண்டார்கள்.

1984இல் ஸ்டீபன் ராடன்புஷ் இப்படிப்பட்ட 18 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தார். அவர் கண்டதுதான் நமக்கு முக்கியம். பிள்ளையோடு இரண்டு வாரத்துக்கு மேல் பழகிய ஆசிரியரிடம் அடுத்தவர் பேச்சு அவ்வளவாக எடுபடுவதில்லை. பழகாத ஆசிரியரிடம்தான் பட்டம் ஒட்டிக்கொள்கிறது.

நம்ம மலாக்காவுக்கு வருவோம். ஜாசின், அலோர் காஜா பக்கம் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறு வருஷம் தெரிந்த டீச்சர்களோடு வளர்ந்த பிள்ளை, மலாய்மொழியில் போதிய தேர்ச்சி இல்லையென்றால், இடைநிலைப்பள்ளியில் ஒரு வருஷம் புகுமுக வகுப்பில் உட்கார வேண்டும். 'பெராலிஹான்' என்று சொல்கிறோமே, அதுதான். தேசியப் பள்ளியில் படித்த பிள்ளைக்கு அது கிடையாது, நேராகப் படிவம் 1. ஆக, அது மொழிக்கான வகுப்பு, மூளைக்கான வகுப்பு இல்லை. ஆனா பிள்ளை அப்படியா எடுத்துக்கொள்கிறது? அங்கே ஆசிரியர்கள் எல்லாரும் புதுசு. பிள்ளையின் பெயர் தெரியும் முன்பே வகுப்பின் பெயர் அவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது.

யாரும் 'நீ மக்கு' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை. கேள்வி கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் அடுத்த பிள்ளையிடம் போனாலே போதும். கொஞ்ச நாளில், "எனக்கு மண்டையில ஏறாது டீச்சர்" என்று பிள்ளையே சொல்லும். (டீச்சரை மட்டும் குறை சொல்லாதீர்கள். விருந்தாளி முன்னால் "இவனுக்குப் படிப்பு வராது" என்று சொல்லாத வீடு எத்தனை?)

உங்கள் வகுப்புக்குப் புதுப் பிள்ளை வந்தால், 'ஸ்கூல்ல எந்த வகுப்பு' என்ற கேள்வியை இரண்டு வாரம் தள்ளிப்போடுங்கள். பதிகம் பாடும்போது தடுமாறினால் உடனே எடுத்துக் கொடுக்காமல் மனசுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். முதல் தடவை அது ரொம்ப நீளமாகத் தெரியும். புகுமுக வகுப்புப் பிள்ளை என்று பிறகு தெரிய வந்தால், வாரம் ஒரு மலாய்ப் பத்தியைச் சேர்ந்து படியுங்கள். குறை அங்கேதான் இருக்கிறது.