நேற்று என்ன கொடுத்தீர்கள்?

தாய்ப்பால் ஊட்டுதல் வீட்டின் உள்ளறையில் நிகழ்வது. அதனை ஒரு நாடு எவ்வாறு அளக்கும்? இந்தியாவில் 1992-93 இல் தொடங்கிய தேசியக் குடும்பநல ஆய்வு இதற்கு எளிய வழியொன்றைக் கையாள்கிறது. ஆறு மாதம் நிறையாத குழந்தையின் தாயிடம், நேற்றுப் பகலிலும் இரவிலும் குழந்தைக்கு என்னென்ன கொடுக்கப்பட்டன என்று களப்பணியாளர் வினவுவார். தாய்ப்பாலன்றி வேறெதுவும் இல்லையெனில், அக்குழந்தை 'தனித்தாய்ப்பால்' பெறுவதாகக் கணக்கிடப்படும். மருந்துக்கு விலக்கு உண்டு. ஒரு பாலாடைத் தண்ணீருக்கு இல்லை.

இக்கணக்கின்படி 2005-06 இல் 46.4 விழுக்காடாக இருந்த தனித்தாய்ப்பால் அளவு, 2015-16 இல் 54.9 ஆகவும் 2019-21 இல் 63.7 ஆகவும் உயர்ந்தது. 2025க்குள் உலக அளவில் குறைந்தது 50 விழுக்காட்டை எட்டவேண்டும் என்பதே 2012 இல் உலகச் சுகாதாரப் பேரவை வகுத்த இலக்கு. இந்தியா அதனை முன்னரே கடந்துவிட்டது.

ஆயினும் இவ்வெண்ணைப் பிழைபடப் படிப்போர் பலர். நூற்றில் அறுபத்து நான்கு குழந்தைகள் ஆறு மாதமும் தாய்ப்பால் மட்டுமே பருகின என்பது இதன் பொருளன்று. பிறந்து பத்து நாளான குழந்தையும் ஐந்து மாதக் குழந்தையும் இதில் ஒன்றாகவே எண்ணப்படுகின்றன. மாதம் ஏற ஏற அளவு குறையும். மேலும், பிறந்தவுடன் சேனை தொட்டுவைத்த குழந்தையும், சென்ற வாரம் சர்க்கரைத் தண்ணீர் பருகிய குழந்தையும், 'நேற்று' ஒன்றும் பெறவில்லையெனில் இப்பட்டியலில் இடம்பெற்றுவிடும். ஒரு நாள் நினைவைக் கேட்பதால் விடை தெளிவாகக் கிடைக்கிறது; அதன் விலை இது. பல நாடுகளும் இதே வினாவைக் கேட்பதால் அவற்றுக்கிடையே ஒப்பீட்டுக்கு மட்டும் ஊறில்லை.

கவலைக்குரியது மற்றோர் எண். பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் தாய்ப்பால் தரவேண்டும்; நோயெதிர்ப்புப் பொருள்கள் செறிந்த சீம்பால் அப்போதே குழந்தைக்குக் கிட்டும். 2015-16 ஆய்வில் 41.6 விழுக்காடாக இருந்த இவ்வளவு, அடுத்த ஆய்வில் 41.8 மட்டுமே. அதே இடைவெளியில் மருத்துவமனைப் பேறுகளோ 78.9 இலிருந்து 88.6 விழுக்காடாக உயர்ந்தன. மருத்துவர், செவிலியர் கண்முன்னே குழந்தைகள் பிறக்கின்றன. முதற்பால் மட்டும் தாமதமாகிறது. அறுவைப் பேறுகள் 17.2 இலிருந்து 21.5 விழுக்காடாகப் பெருகியது ஒரு காரணமாகலாம். மயக்கம் தெளியாத தாய் ஓரறையிலும் குழந்தை வேறோர் அறையிலும் இருக்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு. முதுகுத்தண்டில் மரப்பூசி பெற்ற தாய் விழித்தே இருப்பதால், அறுவை அரங்கிலேயே குழந்தையை அவள் மார்பில் கிடத்தலாம். அதற்குத் தேவை, அருகில் நின்று உதவும் ஒரு செவிலியர்.