ஒரு மணி அடித்து நின்றால்

ஜொகூர் பாரு

அன்புள்ள தம்பிக்கு,

'கைப்பேசி தெரியாத முதியோர்' என்று உன் கட்டுரையில் நான்கு இடங்களில் எழுதியிருக்கிறாய். தெரியாது என்பதற்கு என்ன அளவுகோல்? செய்தவன் நினைத்த வழியில் பயன்படுத்தாவிட்டால் தெரியாதவரா? மானிடவியலாளர் லூசி சச்மன் ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் படம்பிடித்து ஆராய்ந்து 1987இல் வெளியிட்ட நூலை உனக்குக் கொடுத்தேன். நீ இன்னும் பிரிக்கவில்லை போலும். அந்த ஆய்வுக்கூடத்தில் நகலெடுக்கும் இயந்திரத்தின் முன் திணறியவர்களில் கணினி அறிஞர்களும் உண்டு. வயதைப் பழிக்குமுன் இயந்திரத்தையும் கொஞ்சம் பழி.

மிஸ்ட் காலையே எடுத்துக்கொள். அழைப்பை எடுத்தால்தான் காசு. மணி அடிப்பதற்குக் காசில்லை. கட்டண முறையில் இருந்த இந்த இடுக்கை யாரும் பாடம் நடத்திக் காட்டவில்லை. ஒருமுறை அடித்து நின்றால் வந்து சேர்ந்தாயிற்று. இரண்டு முறை என்றால் திருப்பிக் கூப்பிடு. பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர் உள்ள வீட்டுக்கு வேறென்ன செய்தி வேண்டும்? எழுத்து வேண்டாம், மொழியும் வேண்டாம். எடுக்காமல் விடுவதே பதில். இளையவர்களும் இதைச் செய்தார்களே என்பாய். செய்தார்கள். ஆனால் திரையில் உள்ளதைப் படிக்க முடியாதவருக்கு அந்த மணிதான் முழுக் கைப்பேசி. வெறும் சிக்கனம் என்றும் சொல்லாதே. தந்திக்குச் சொல்கணக்கில் கட்டணம் வாங்கிய காலத்தில், வணிகர்கள் ஒரு வாக்கியத்தையே ஒற்றைச் சொல்லில் அடைக்கச் சங்கேத அகராதிகள் அச்சிட்டார்கள். அது மதிநுட்பம், பாட்டி செய்தால் கஞ்சத்தனமோ?

புலனத்தில், அதாவது வாட்ஸ்அப்பில், குரல்செய்தி வந்தது 2013இல். தட்டச்சுக்குச் சோம்பிய இளைஞனுக்கு அது வசதி. தமிழ் விசைப்பலகை கைவராத மூத்தவருக்கு அதுவே கடிதம். 2020 மார்ச் 18இல் கொரோனாப் பரவலால் பாலம் அடைபட்டு, தடுப்பூசி போட்டவர்களுக்கான பேருந்துத் தடம் 2021 நவம்பர் 29இல் திறக்கும்வரை, பல குடும்பங்களுக்குக் கைப்பேசிதான் பாலம். மலேசிய அரசின் மைசெஜாத்ரா செயலியில் கியூஆர் குறியீட்டை வருட முடியாதவர்கள் கடைவாசல் நோட்டில் பெயரெழுதி உள்ளே போனார்கள், வேலை நடந்தது.

பேரனிடம் கைப்பேசியை நீட்டுவது தீர்வாகுமா என்று கேட்டிருந்தாய். வரிப் படிவத்தைக் கணக்காளரிடம் கொடுக்கும் முதலாளியை 'படிவம் தெரியாதவர்' என்றா எழுதுவாய்? யாரிடம் எதைக் கொடுக்கலாம் என்று அறிவதும் அறிவுதான். பணம் புழங்கும் இடத்தில் மட்டும் உன் கவலையை ஏற்கிறேன்: வங்கிக் கணக்கின் இரகசிய எண்ணைப் பிறரிடம் சொல்லும் குறுக்குவழி மோசடிக்காரனுக்கும் வழிதான். ஆனால் அந்தப் பள்ளத்தில் இளையவர்களும் விழுகிறார்கள். அதை முதுமையின் கணக்கில் எழுதாதே.

அந்த நான்கு இடங்களையும் அடித்துவிட்டு, அவர்கள் என்ன செய்தார்கள் என்று எழுதி அனுப்பு. சச்மனையும் திருப்பிக் கொடு, படித்துவிட்டு.

அன்புடன்,
உன் ஆசிரியன்