வீட்டை விற்பதற்கு முன்

சௌபாக்கியவதி குழந்தைக்குப் பெரியப்பாவின் அநேக ஆசீர்வாதம். இங்கு யாவரும் க்ஷேமம். பெரியம்மாவின் முழங்கால் வலி ஒன்றுதான் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை.

உனக்கு ஸ்டுட்கார்ட்டில் உத்தியோகம் கிடைத்திருக்கிறதென்றும், தாம்பரம் வீட்டை விற்றுவிட்டு மாப்பிள்ளையையும் பேரனையும் அழைத்துக்கொண்டு நீ புறப்படப் போகிறாயென்றும் உன் அப்பா ஒரே மூச்சில் தொலைபேசியில் சொன்னான். இரண்டாவது சமாசாரத்தை அவன் சொன்ன தினுசு எனக்குப் புதியதல்ல. போவதும் போகாததும் முழுக்க உன் இஷ்டம். அதில் தலையிட நான் யார்? ஆனால், கல்யாண வீடுகளில் நானும் பெரியம்மாவும் மாற்றி மாற்றிச் சொல்ல, நீங்களெல்லாம் வயிறு வலிக்கச் சிரித்த அந்த ஜெர்மனிக் கதைகளை நம்பித்தான் நீ கிளம்புகிறாய் என்றால், அவற்றில் நாங்கள் சொல்லாமல் விட்ட பாகத்தையும் கேட்டுவிட்டுக் கிளம்புவது நலம்.

பலகைக் கதை உனக்கு மனப்பாடம். ஸ்டுட்கார்ட்டில் நாங்கள் குடிபோன புதிதில் வாசற்கதவுப் பிடியில் யாரோ ஒரு சிறு பலகையை மாட்டிவிட்டுப் போக, நல்வரவு கூறும் உள்ளூர்ச் சம்பிரதாயம் போலும் என்று பெரியம்மா அதற்குக் குங்குமம் இட்டுவிட்டாள். 'கேர்வோகே' என்ற அந்தப் பலகை வந்துவிட்டால், அந்த வாரம் மாடிப்படியையும் நிலவறையையும் வீதியோர நடைபாதையையும் பெருக்கும் கைங்கரியம் நம்முடையது என்று கீழ்வீட்டு மூதாட்டி வந்து விளக்கிய பிறகுதான் விஷயம் புரிந்தது. குப்பையை அவரவரே வாரந்தோறும் அப்புறப்படுத்த வேண்டுமென்று அந்நகரத்தில் 1492-லேயே சட்டம் இருந்ததாம். நம் தேசத்தைத் தேடிக் கொலம்பஸ் கப்பலேறிய அதே வருஷம். அவர் வழி தவறிப் போனார். இவர்கள் துடைப்பத்தை இன்றுவரை கீழே வைக்கவில்லை.

மார்கழியில் நம் முறை வந்தது. பெருக்கிய இடத்தில் வாசல் தெளிக்காமல் எப்படி என்று பெரியம்மா ஒரு வாளித் தண்ணீரை விசிறினாள். அது கோலப்பொடிக்குக் காத்திராமல் உறைந்துபோக, தபால்காரர் அதன்மேல் கால் வைத்து நம் வீட்டு வாசலிலிருந்து அடுத்த வீட்டு வாசல் வரை நடக்காமலேயே போய்ச் சேர்ந்தார். மௌல்டாஷன் என்னும் பண்டத்தைக் கொழுக்கட்டை என்று எண்ணி அவள் இரண்டு சாப்பிட்டதும் அந்த மாசத்தில்தான். விரத காலத்தில் இறைச்சியைக் கடவுள் கண்ணில் படாமல் மாவுக்குள் மறைக்க மடத்துத் துறவிகள் செய்த தந்திரம் அது என்று அவ்வூரார் கதை சொல்வார்கள். கடவுளுக்கே தெரியாதது உன் பெரியம்மாவுக்கு எங்ஙனம் தெரியும்? சனிக்கிழமை இரண்டு மணிக்குக் கடைகளெல்லாம் சட்டப்படி மூடிவிட, விருந்தாளிகளுக்குப் பாலில்லாமல் காப்பி கொடுத்த கதையை விட்டுவிடுகிறேன்.

இவற்றையெல்லாம் அன்றைக்கு அன்றே சிரித்துத் தீர்த்தோம். எதனால் என்று நினைக்கிறாய்? கும்பகோணத்து வீட்டுச் சாவி பெரியம்மாவின் டிரங்குப் பெட்டியில் இருந்தது. இங்கே நாம் வேடிக்கை பார்க்க வந்தவர்கள், நம் வாசல் வேறிடத்தில் இருக்கிறது என்ற தைரியத்தில் எந்தப் பலகையும் பரிகாசமாயிற்று. அப்புறம் உன் அப்பாவின் ஏரோகிராம் வந்தது. காவேரியில் தண்ணீர் வந்தது, அரிசி விலை, உன் அத்தைக்கு வரன் திகைந்தது, இவற்றுக்கு அடுத்த வரியில் வீட்டைக் கிரயம் செய்தாயிற்று என்று எழுதியிருந்தான். நான் நம்பிக் கொடுத்திருந்த பவர் பத்திரம் அதற்குப் பயன்பட்டது. கல்யாணச் செலவு நியாயமான காரணந்தான். நான் ஒருநாளும் மறுத்துச் சொன்னதில்லை, இப்போதும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த முறை பலகை வந்தபோது, அதே படிகளை அதே துடைப்பத்தால் பெருக்கிய எனக்கு, அந்நியன் வீட்டில் ஏவல் செய்கிறோம் என்ற எண்ணம் வந்தது. ஸ்டுட்கார்ட்டில் ஒன்றும் மாறவில்லை. பெரியம்மா அப்புறம் வாசல் தெளிக்கவே இல்லை. இதைக் கல்யாண வீட்டில் சொல்வதற்கில்லை.

ஆகையால் நீயே யோசித்து முடிவு செய். வீட்டை வாடகைக்கு விடலாம், விற்கவும் செய்யலாம், இரண்டிலும் லாப நஷ்டம் உண்டு. வாடகைக்கு விட்டால் மாசாமாசம் பணம் வரும், திரும்பினால் தலை சாய்க்க இடமிருக்கும். விற்றால் மொத்தமாகப் பணம் வரும். அது எப்படிப் போகும் என்பதை உன் அப்பாவிடம் கேட்டுத் தெரிந்துகொள். என் அபிப்பிராயத்தைத் திணிப்பதாக எண்ணாதே.

ஏதோ வயசானவன் புலம்பல் என்று தள்ளிவிடு, கண்ணே. நீ கெட்டிக்காரி, எங்களைப் போல விழிக்கமாட்டாய். ஊருக்குள்ளேயே திராட்சைத் தோட்டங்கள் படிப்படியாக ஏறும் அழகான இடம் அது. 1884 முதல் மலையேறிக்கொண்டிருக்கும் பல்சக்கர ரயிலில் பேரனை ஜன்னலோரம் உட்காரவை. பெரியம்மா முழங்காலையும் மறந்து மொட்டைமாடியில் வடாம் பிழிந்துகொண்டிருக்கிறாள். என் கம்பளிக் கோட்டை மாப்பிள்ளைக்காக வெயிலில் போட்டிருக்கிறேன். விமானச் செலவுக்கோ அங்கே ஜாகைக்கான முன்பணத்துக்கோ குறைந்தால், தாம்பரம் வீட்டை நினைக்காதே. என்னிடம் கூசாமல் கேள், பாங்கியில் போட்டிருப்பதை எடுத்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
பெரியப்பா