‘எனக்குப் பயமில்லை’ என்பது பதில் அல்ல

உளவியல் கருத்தரங்குகளில்கூட யாராவது எழுந்து இதைச் சொல்லிவிடுகிறார்கள்: “போபியா என்றால் பயம். ஓரினச்சேர்க்கையாளர்களைப் பார்த்து எனக்குப் பயமில்லை, பிடிக்காது, அவ்வளவுதான். அப்புறம் எப்படி அது ஹோமோபோபியா ஆகும்?” கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது.

நம்பிக்கை: பயம் இல்லையென்றால் ஹோமோபோபியாவும் இல்லை.

உண்மை: வேர்ச்சொல்லைப் பிடித்துக்கொண்டு நழுவப் பார்க்கும் வாதம் இது. நீர் ஒட்டாத பொருளை வேதியியல் ‘ஹைட்ரோபோபிக்’ என்கிறது. அதில் பயம் எங்கே இருக்கிறது?

இந்தச் சொல்லைத் தந்தவர் அமெரிக்க உளவியலாளர் ஜார்ஜ் வைன்பெர்க். தன்பாலீர்ப்பாளர் ஒருவர் பக்கத்தில் இருந்தாலே சக உளவியலாளர்கள் முகம் சுளிப்பதை 1960களில் அவர் கவனித்தார். 1969இல் ஜாக் நிக்கோல்ஸும் லைஜ் கிளார்க்கும் தங்கள் பத்திரிகைப் பத்தியில் அந்தச் சொல்லை அச்சேற்றினார்கள். 1972இல் வைன்பெர்க்கின் நூல் அதைப் பரப்பியது. அவர் பயம் என்றுதான் சொன்னார். ஆனால் அவர் சொன்னது கரப்பான்பூச்சியைக் கண்டு அலறுகிற பயத்தை அல்ல. வீடும் குடும்பமும் குலைந்துவிடும் என்று பதறி, அடுத்தவரைக் கொடுமைப்படுத்துகிற பயத்தை.

மருத்துவம் சொல்லும் போபியாவில் அவதிப்படுபவர் அந்தப் பயம் உள்ளவரே. இங்கே அவதிப்படுவது எதிரில் இருப்பவர். பயத்தைவிடக் கோபமும் அருவருப்புமே இதில் முன்நிற்கின்றன என்றார் உளவியலாளர் கிரெகரி ஹெரெக். ‘பாலியல் தப்பெண்ணம்’ என்ற பெயரே பொருத்தம் என்பது அவர் கருத்து. சொல் போதவில்லை என்றாரே தவிர, வெறுப்பே இல்லை என்று அவர் சொல்லவில்லை. ஆகவே, “பயமில்லை, பிடிக்கவில்லை” என்பவர் தப்பித்துக்கொள்ளவில்லை, தப்பெண்ணத்தை ஒப்புக்கொள்கிறார்.

நம்பிக்கை: ‘ஹோமோ’ என்றால் மனிதன், அதனால் இது மனிதர்களைக் கண்டு பயப்படுவது.

உண்மை: அது லத்தீன் ஹோமோ. இங்கே இருப்பது ‘ஹோமோசெக்சுவல்’ என்பதன் சுருக்கம்.

நம்பிக்கை: ஹோமோபோபியா ஒரு மனநோய்.

உண்மை: அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய்ப் பட்டியலில் அது ஒருபோதும் இடம்பெற்றதில்லை.

நம்பிக்கை: தன்பாலீர்ப்புதான் நோய்.

உண்மை: அதே சங்கம் 1973இலும், உலக சுகாதார நிறுவனம் 1990இலும் அந்தப் பேச்சை முடித்துவிட்டன.

இதைத் தெரிந்துகொள்ள வேண்டியவர்கள் முதலில் எங்கள் உளவியல் துறையினர். தன்பாலீர்ப்பை ‘மாற்றும்’ சிகிச்சைக்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் தடை விதித்தது. 2022இல் தேசிய மருத்துவ ஆணையம் அந்தச் சிகிச்சையைத் தொழில்முறை ஒழுங்கீனம் என்றது. உளவியல் வகுப்புகளில் இந்தத் தீர்ப்பைக் கட்டாயப் பாடமாக்குங்கள். பெற்றோருக்கும் ஒரு வார்த்தை: “உங்கள் பிள்ளையை மாற்றித் தருகிறேன்” என்று எந்த மருத்துவராவது சொன்னால், பணம் கட்டாமல் எழுந்து வாருங்கள், மருத்துவ கவுன்சிலில் புகார் எழுதிக் கொடுங்கள்.